தங்கால் மலையடியில் ஒரு தளர்நடை

விருதுநகரிலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், சிவகாசிக்கு முன்னதாக வரும் சிறிய நிலையம் திருத்தங்கல். மதுரை - செங்கோட்டைப் பயணிகள் வண்டி இங்கே நிற்கும். இறங்கி ஊருக்குள் நடப்பவரைக் கரிசல் பூமியின் வெயில் முதலில் வரவேற்கும். அடுத்து அச்சகங்களின் இரைச்சல். அதற்கும் அப்பால், தங்கால் மலை என்னும் சிறு குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாளின் திருக்கோயில். 2021-ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சியோடு இவ்வூர் இணைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் 'திருத்தங்கல்காரர்' என்று சொல்லிக்கொள்வதை ஊரார் விட்டுவிடவில்லை. அவர்கள் ஏன் விடவேண்டும்?

108 திவ்விய தேசங்களுள் ஒன்று இத்தலம். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்தது. ஸ்ரீதேவி, பூதேவி, நீளாதேவி ஆகிய மூவருள் உயர்ந்தவர் யார் என்றொரு பேச்சு எழுந்தபோது, திருமகள் பரமபதத்தை நீங்கி இங்கே வந்து தவமிருந்தாள் என்பது தலபுராணம். திருமகள் வந்து தங்கிய இடமாதலால் திருத்தங்கல் ஆயிற்று என்பர். பெருமான் அவளைத் தேடி இங்கேயே வந்து, நின்ற திருக்கோலத்தில் காட்சி கொடுத்தான். கருடாழ்வாருக்கு இங்கே நான்கு திருக்கரங்கள். இரண்டு கூப்பியிருக்க, மற்ற இரண்டில் அமுத கலசமும் நாகமும். கண்ணபிரானின் பேரன் அநிருத்தனும் வாணாசுரன் மகள் உஷையும் மணம் செய்துகொண்ட தலம் என்றும் இதைப் போற்றுவர். அதே குன்றில் கருநெல்லிநாதர் என்னும் திருநாமத்தோடு சிவபெருமானும் எழுந்தருளியிருக்கிறார். சைவர் வீட்டுக் குழந்தையும் வைணவர் வீட்டுக் குழந்தையும் ஒரே குன்றில் ஏறித்தான் சாமி கும்பிடப் பழகுகின்றன.

அப்படி ஏறப் பழகிய குழந்தை ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. அது இவ்வூரில் பிறக்கவில்லை. பஞ்சாபில், ஜலந்தர் இராணுவ மருத்துவமனையில், ஓர் ஐப்பசி மாதத்தில் பிறந்தது. தந்தை மதராஸ் ரெஜிமெண்டில் நாயக். இந்திய இராணுவத்தின் காலாட்படைப் பிரிவுகளுள் மிகப் பழமையானது அது, 1758-இல் தோன்றியது. அதன் பயிற்சி மையம் நீலகிரியின் வெலிங்டனில் இருக்கிறது. தென்னாட்டு இளைஞர்கள் அங்கே பயின்று, பனிமலை முதல் பாலைவனம் வரை எங்கும் பணிபுரிகிறார்கள்.

படைவீரரின் இல்லறம் இருவகைப்படும். 'பீஸ்' என்று அவர்கள் சொல்லும் அமைதி நிலையத்தில் பணி என்றால் குடியிருப்பு கிடைக்கும். மனைவி மக்களோடு வாழலாம். 'ஃபீல்டு' என்னும் களப்பகுதிக்கு மாற்றல் வந்தால் குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. ஒன்று, குடும்பங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட குடியிருப்பு ஏதேனும் ஒரு நகரில் கிடைக்குமா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் சொந்த ஊர்தான். குழந்தைக்கு ஐந்து மாதம் நிறைந்திருந்த பங்குனியில் லடாக் பகுதிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கைக்குழந்தையோடு தனியே வடநாட்டில் எப்படி இருப்பது? கருநிறத் தகரப் பெட்டிகளில், வெள்ளைச் சாயத்தால் பெயரும் படை எண்ணும் எழுதிய அந்தப் பெட்டிகளில், மூன்றாண்டு இல்லறம் அடங்கியது. ஜம்முவிலிருந்து மதுரை வழியாகத் திருநெல்வேலி வரும் வண்டியில் ஏறினார்கள். 3,600 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் அவ்வண்டியின் பாதை நாட்டிலேயே மிக நீண்டவற்றுள் ஒன்று. சேலையின் இரு முனைகளையும் மேல் படுக்கையின் சங்கிலிகளில் கட்டித் தூளியாக்கி, டெல்லியையும் நாக்பூரையும் குழந்தை உறக்கத்திலேயே கடந்தது.

வங்கிக் கணக்கை ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கு மாற்ற ஒரு படிவம் போதும். எரிவாயு இணைப்பையும் மாற்றிவிடலாம். ஆனால் ஐந்து மாதக் குழந்தையின் உறக்கத்தை எந்தப் படிவத்தில் எழுதி மாற்றுவது? முதல் பத்து நாள்கள் இரவெல்லாம் அழுகை. பஞ்சாபின் இளங்குளிரில் கம்பளிக்குள் உறங்கிய உடம்பு, சித்திரையை நெருங்கும் விருதுநகர்ச் சீமையின் புழுக்கத்தில் வேர்க்குருவால் சிவந்தது. தண்ணீரின் சுவை வேறு. காதில் விழும் குரல்கள் வேறு. அங்கே அண்டை வீட்டு மலையாளப் பெண்ணும் தெலுங்குப் பெண்ணும் மாறிமாறித் தூக்கி வளர்த்த குழந்தை, இங்கே அப்பத்தாவின் கையில் போனதும் உதட்டைப் பிதுக்கியது.

அப்பத்தா அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். "ஊரு புதுசு, மொகம் புதுசு. அழத்தானே செய்வான் தாயி? நீ போய்ச் செத்தக் கண்ணசரு" என்று மருமகளை அனுப்பிவிட்டு, திண்ணையில் கால்நீட்டி அமர்ந்து, கால்களின்மேல் குழந்தையைப் போட்டுக்கொள்வார். காலைக் குளியலும் அப்படித்தான்: நீட்டிய கால்களே தொட்டி. வெதுவெதுப்பான நீர், பயத்தமாவு, பின்னர் சாம்பிராணிப் புகை. கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒன்று.

இந்த ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. பெரியாழ்வார் அங்கே இருந்துதான், கண்ணன் என்னும் குழந்தையைக் கையிலேந்திய தாயாகத் தம்மை வைத்துக்கொண்டு திருமொழி பாடினார். தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, அச்சோ, புறம் புல்கல், நீராட்டம், காது குத்தல், பூச்சூட்டல், அந்திக்காப்பு என்று ஒரு பிள்ளை வளரும் முறை முழுவதும் அதில் உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகைக்கே அது வித்து என்பது அறிஞர் கருத்து. அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். எனினும் பேரனின் வளர்ச்சியை அவர் மாதக் கணக்கில் சொல்வதில்லை. "செங்கீரை ஆடிட்டான், இனிச் சப்பாணி கொட்டுவான்" என்பார். ஆழ்வாரின் மொழி அந்தச் சீமையின் அடுப்படிகளில் இன்னும் வழங்குகிறது.

எல்லாம் இணக்கமாகவே நடந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. உரைமருந்து விஷயத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இரண்டு நாள் பேச்சு நின்றது. வசம்பு, மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய் ஆகியவற்றை உரைகல்லில் இழைத்து நாக்கில் தடவுவது தென்பாண்டி நாட்டு வழக்கம். வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே அழைப்பர். இரவில் அதன் பெயரையும் சொல்லமாட்டார்கள், 'பேர் சொல்லாதது' என்பார்கள். ஜலந்தர் மருத்துவரோ ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு நீர்கூடக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார். புதன்கிழமை தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது வழக்கு அங்கே போயிற்று. இராணுவ மருத்துவமனை தந்த அட்டையைப் புரட்டிப் பார்த்த செவிலியர், போடவேண்டியதைக் குறித்துக்கொண்டு, மூதாட்டியிடம் கனிவாகவே சொன்னார்: "மருத்துவர் சொன்னதுதான் சரி, பாட்டி. வசம்பைக் கையில கட்டுங்க, வாயில வைக்காதீங்க." தீர்ப்பை அப்பத்தா ஏற்றுக்கொண்டார். வசம்பு வளையல் குழந்தையின் மணிக்கட்டில் ஏறியது. உரைகல் பரணுக்குப் போயிற்று. மருமகளின் பேச்சைக் கேட்டிருக்கமாட்டார். செவிலியரின் பேச்சைக் கேட்டார். மாமியார்களின் மரியாதையையும் காப்பாற்றத்தானே வேண்டியிருக்கிறது!

சித்திரையில் ஆறு மாதம் நிறைந்ததும் பெருமாள் சந்நிதியில் அன்னம் ஊட்டினார்கள். தந்தை இருந்து ஊட்டவேண்டியது, தாத்தா ஊட்டினார். குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டுச் சிரித்தது.

இங்கே தங்கால் பற்றிய பழைய கதை ஒன்றைச் சொல்லவேண்டும். சிலப்பதிகாரத்தில், கட்டுரைகாதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் வரலாறு அது. புகாரைச் சேர்ந்த பராசரன் என்னும் அந்தணன் சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் வழியில் தங்காலில் இளைப்பாறினான். அங்கே விளையாடிய சிறுவர்களை அழைத்துத் தன்னோடு மறை ஓதச் சொன்னான். வார்த்திகன் என்பவனின் மகன் தக்கிணன், பால்மணம் மாறாத மழலையோடு, தளர்ந்த நாவால், ஆனால் பிழையின்றி ஓதினான். மகிழ்ந்த பராசரன் தன் அணிகலன்களை அச்சிறுவனுக்கு அளித்துச் சென்றான். ஏழைப் பிள்ளையின் உடம்பில் பொன்னைக் கண்ட அரசு ஏவலர், புதையல் எடுத்து மறைத்தான் என்று தந்தையைச் சிறையிலிட்டனர். தாய் கார்த்திகை மண்ணில் புரண்டு அழுதாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுத்தது. பாண்டியன் விசாரித்து, தவற்றை உணர்ந்து, வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடையாக்கினான். கற்புக்கும் நீதிக்கும் எடுத்துக்காட்டாகவே இதைச் சொல்வார்கள். குழந்தை ஒரு பக்கமும் தகப்பன் ஒரு பக்கமுமாக ஆன ஒரு வீட்டின் கதையும் அதற்குள் இருக்கிறது.

ஆனி பிறந்தபோது குழந்தை தவழ்ந்தது. லடாக்கிலிருந்து அழைப்பு வருவது சமிக்ஞை கிடைப்பதைப் பொறுத்தது. சில நாள் இரண்டு முறை வரும். சில வாரம் ஒருமுறையும் வராது. கைப்பேசித் திரையில் தந்தையின் முகம் தெரிந்தால் குழந்தை திரையை நக்கப் பார்க்கும். அதற்கு அது ஒளிரும் ஒரு பலகை, அவ்வளவுதான். "அப்பா பாரு, அப்பா பாரு" என்று தாய் சொல்லச் சொல்ல, 'ப்பா' என்ற சொல்லை அது கைப்பேசியின் பெயராகக் கற்றுக்கொண்டது. யாருடைய கைப்பேசி ஒலித்தாலும் 'ப்பா' என்றது. வீட்டார் சிரித்தார்கள். தாய் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இவ்வூரின் தொழிலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். மழை குறைந்த, வறண்ட காற்றுள்ள பூமி. வேளாண்மைக்குச் சாபமான அந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வரமாயிற்று. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த வரலாறு பலரும் அறிந்தது. இன்று விடியற்காலையில் ஆலைப் பேருந்துகள் திருத்தங்கல் தெருக்களில் ஆள்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. குழந்தையின் தாய்மாமனும் அதில் ஒருவர்.

ஆலைகளில் வெடித்துச் சோதிக்கும் சத்தம் மாலைநேரங்களில் கேட்கும். ஊர்க் குழந்தைகள் அதற்கு அசைவதில்லை. இந்தக் குழந்தையும் அசையவில்லை. துப்பாக்கிச் சுடுதளத்துக்கு அருகில் ஐந்து மாதம் உறங்கிய காதல்லவா! ஆனால் சோதனைச் சத்தத்துக்கும் விபத்தின் சத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஊர் அறியும். விபத்தென்றால் தரை ஒருமுறை குலுங்கும். கடைத்தெருவில் பேச்சு நிற்கும். எல்லோரும் ஒரே திசையில் புகையைத் தேடுவார்கள். ஆடி மாதத்துப் பிற்பகல் ஒன்றில் அப்படி ஒரு சத்தம் வந்தது. தூளியை ஆட்டிக்கொண்டிருந்த தாயின் கை நின்றது. தம்பியின் எண்ணுக்கு அழைத்தாள். ஆலைக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை என்பது தெரிந்தும் அழைத்தாள். மீண்டும் மீண்டும் அழைத்தாள். அப்பத்தா விளக்கேற்றிவிட்டு, மலை இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பி அமர்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கைப்பேசி ஒலித்தது. பேசியது தம்பியல்ல; லடாக்கிலிருந்து கணவர். தொலைக்காட்சியில் சிவகாசி என்ற பெயரைப் பார்த்ததும் ஓடிவந்திருக்கிறார்.

"மச்சான் எங்கே? வந்துட்டானா?"

"இன்னும் தெரியலைங்க…"

"வந்ததும் சொல்லு. நான் இங்கேயே நிக்கிறேன்."

தம்பி ஆறு மணிப் பேருந்தில் வந்து இறங்கினார். விபத்து வேறோர் ஆலையில். அன்றிரவு அவ்வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறொரு தெருவில் அழுகுரல் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லையில் நிற்கும் மகனுக்காக நாள்தோறும் பெருமாளை வேண்டும் அப்பத்தாவுக்கு, எல்லையில் நிற்பவன் இந்த வீட்டுக்காக அஞ்சிக்கொண்டிருக்கிறான் என்பது அன்றுதான் தெரிந்தது. மறுநாள் முதல் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது மகன் பெயரோடு மருமகளின் தம்பி பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மலைக்கோயிலில் கூட்டம் படிகள்வரை நின்றது. பதினோரு மாதக் குழந்தையை இடுப்பில் சுமந்து ஏறிய தாய், மண்டபத்தில் தூணோரம் இறக்கிவிட்டாள். தூணைப் பிடித்து எழுந்த குழந்தை, துளசி கொடுக்க வந்த அர்ச்சகரின் கையைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டியது. தூணை விட்டுவிட்டோம் என்பதே அதற்குத் தெரியவில்லை. நான்கைந்து விநாடிகள் தனித்து நின்றது; பிறகு பொத்தென்று அமர்ந்தது. "நின்ற நாராயணன் சந்நிதியிலேயே நின்னுட்டானே!" என்றார் அர்ச்சகர். கோயிலுக்குள் கைப்பேசி எடுத்துப் படம் பிடிக்கும் வழக்கமில்லை, நல்லதுதான். ஆதலால் அந்தக் காட்சி படமாகவில்லை. அன்றிரவு அழைப்பு வந்தபோது அவள் அதைச் சொற்களால்தான் சொல்லவேண்டியிருந்தது. எந்தத் தூண், எத்தனை விநாடி, எந்தக் கை முதலில் விட்டது என்றெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கண்ணன் பிறந்த இரவே இடம்பெயர்ந்த குழந்தை. சிறையில் பெற்ற வசுதேவர், மழையிருளில் யமுனையைக் கடந்து ஆயர்பாடியில் விட்டுவந்தார். தவழ்ந்ததும் நடந்ததும் வெண்ணெய் உண்டதும் யசோதையும் நந்தகோபரும் கண்டவை. பெற்றவர் காணாதவை. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் தேவகியாகவே நின்று இதற்காகப் புலம்புகிறார். நந்தன் பெற்ற பேற்றை வசுதேவன் பெறவில்லையே என்றும் இரங்குகிறார். அந்த ஆழ்வார் வாளேந்திய மன்னர். பாசறையில் இரவு கழித்தவர்களின் ஏக்கம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

படைவீரருக்கு ஆண்டில் 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. எப்போது கிடைக்கும் என்பது தலைமை அதிகாரியின் கையிலும் பனியின் கையிலும் இருக்கிறது. தீபாவளிக்கு வர இயலவில்லை. பட்டாசு ஊரில் குழந்தையின் முதல் தீபாவளி, ஒரு கம்பி மத்தாப்போடு முடிந்தது. அதையும் தாத்தா தூரத்தில் பிடித்துக் காட்டினார். கார்த்திகையில்தான் அவர் வந்தார். முன்னறிவிப்பின்றி அதிகாலையில், தோளில் பையோடு வாசலில் நின்றார். குழந்தை நான்கடி தளர்நடையிட்டு வாசல்வரை வந்தது. நின்று பார்த்தது. பிறகு வீறிட்டு அழுது அப்பத்தாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. கைப்பேசியில் பார்த்த 'ப்பா'வுக்கு உள்ளங்கையளவே உருவம். இவரோ ஆறடி, மீசை வேறு.

அவர் அவசரப்படவில்லை. ஒரு வாரம் குழந்தையைத் தூக்கவேயில்லை. அது விளையாடும் இடத்துக்கு அருகில் தரையில் அமர்ந்து வேறு ஏதேனும் வேலை செய்துகொண்டிருப்பார்: மிதிவண்டிக்கு எண்ணெய் போடுவார், பழுதான மின்விசிறியைப் பிரிப்பார். ஒரு நாள் குழந்தை திருகாணி ஒன்றை எடுத்து வந்து அவர் முழங்கால்மேல் வைத்துவிட்டு ஓடிற்று. மறுநாள் இரண்டு.

விடுப்புக்குள் காதணி விழாவை முடித்தாகவேண்டும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில் எழுந்தருளியிருக்கும் இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். பெரியாழ்வார் காது குத்தும் பதிகத்தில் கேசவன் முதலாகத் தாமோதரன் ஈறாகப் பன்னிரு திருநாமங்களையும் வரிசையாகச் சொல்லி அழைப்பார். மடியில் வைத்திருந்த தாய்மாமனின் விரல் நகங்களில் மருந்தின் வெள்ளி நிறம் இன்னும் போகாமல் இருந்தது. ஊசி பட்டதும் குழந்தை தாயிடம் தாவவில்லை; அப்பத்தாவிடமும் தாவவில்லை. எதிரே நின்ற தந்தையை நோக்கி ஒரு கையை நீட்டியது. வாங்கிக்கொண்டார். மொட்டைத் தலையின் சந்தனமெல்லாம் அவர் சட்டையில்.

மார்கழி பிறந்து நான்காம் நாள் புறப்பாடு. விடியுமுன்பே மலையிலிருந்து திருப்பாவை ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. தரையில் அமர்ந்து, தாய் கட்டிக்கொடுத்த சீடையையும் பருப்புப்பொடியையும் துணிகளுக்கிடையே அடுக்கிக்கொண்டிருந்தார். உறங்கி எழுந்த குழந்தை, யாரையும் தேடாமல் தட்டுத்தடுமாறி நடந்து வந்து, அவர் முதுகின்மேல் சாய்ந்து இரு கைகளாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் திரும்பவில்லை. அடுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அடுக்களை வாயிலிலிருந்து அப்பத்தா பார்த்தார். "புறம் புல்கிட்டான்" என்று மருமகளிடம் மெல்லச் சொன்னார்.

ஏழேகால் வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.